கட்டற்ற மென்பொருளை அமைத்து விற்பது: அசல் பெயரா, ஒப்பந்தமா, சொந்தப் பெயரா, வெறும் சேவையா?

நான்கு நெட்வொர்க் போர்ட் கொண்ட சிறு கணினிகளை மொத்த விலைக்கு வாங்கி, பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள்களில் ஒன்றை ஏற்றி, சிறு அலுவலகங்களுக்கு ஃபயர்வால் (நெட்வொர்க்கைக் காக்கும் தடுப்புக் கருவி) என்று விற்கலாமா? பள்ளிகளுக்கு இணையவழிக் கற்றல் தளமான மூடுல் நிறுவிய சர்வர் கொடுக்கலாமா? மொத்த வியாபாரிகளுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக நிர்வாக மென்பொருளை ஜிஎஸ்டி கணக்கோடு அமைத்துத் தரலாமா? சிறு கணினி நிறுவனம் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ‘இலவசமாகக் கிடைப்பதை விற்கக் கூடாது’ என்பார் ஒருவர். ‘கட்டற்ற மென்பொருள்தானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் கேட்க வேண்டாம்.

விற்பதற்குத் தடை எதுவும் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985 வாக்கில் ஈமாக்ஸ் என்ற உரை திருத்தி நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்று வருமானம் பார்த்தவர். சிக்கல் வருவது பெயரில். நிரலைப் பயன்படுத்தவும் பகிரவும் அனுமதிப்பது உரிமம். அது பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே வருவது. பெயரையும் சின்னத்தையும் காப்பது வணிகக்குறிச் சட்டம். முன்னது கிடைத்தால் பின்னதும் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6ஆம் பிரிவு, பெயர்களைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஜிபிஎல் என்ற இன்னொரு பரவலான உரிமத்தின் 3ஆம் பதிப்பில் (ஜிபிஎல் 3) 7ஆம் பிரிவும், பெயருக்கான உரிமையை மறுக்கும் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள நிரலாசிரியருக்கு இடம் தருகிறது.

ஆகவே எந்த மென்பொருளை விற்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே, யார் பெயரில் விற்பது என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு நான்கு வழிகள் உள்ளன. மாற்றாத நிரலை அசல் பெயரோடு விற்பது. பெயரின் உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டு விற்பது. பெயரை நீக்கிச் சொந்தப் பெயர் வைப்பது. கருவியை வெறுமையாக விற்று, நிறுவித் தரும் வேலைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்குவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பெயரின் உரிமையாளர் வெளியிட்டிருக்கும் வணிகக்குறிக் கொள்கை. ஒவ்வொரு திட்டத்துக்கும் இது வேறு. சில பக்கங்களே வரும்; படிக்க அரை மணி நேரம் போதும். ஆனாலும் பெரும்பாலோர் படிப்பதில்லை.

இரண்டாவது, உரிமம் சுமத்தும் கடமை. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு வரி நிரலைக்கூட மாற்றாவிட்டாலும், நிறுவிய பெட்டியைக் கை மாற்றிய கணமே நீங்கள் விநியோகிப்பவர் ஆகிவிடுகிறீர்கள். வீட்டில் பயன்படுத்தும்போது இல்லாத கடமைகள் அப்போது வந்து சேர்கின்றன.

மூன்றாவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவு: மேம்படுத்தல் சர்வர், பாதுகாப்புத் திருத்தம், மூலநிரல் (நிரலாசிரியர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவம்) காப்பகம், ஆண்டுக் கட்டணம். நான்காவது, வாடிக்கையாளர் எதைக் கேட்டு வருகிறார் என்பது. ‘மூடுல் வேண்டும்’ என்று வருபவருக்கும் ‘பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்த ஏதாவது வேண்டும்’ என்று வருபவருக்கும் நீங்கள் தரும் விடை ஒன்றாக இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பின்வாங்குவது எவ்வளவு எளிது என்பது. மூல நிறுவனம் நாளை விதியை மாற்றினால் ஏற்கெனவே விற்ற பெட்டிகள் என்னாகும்?

## வழி 1: அசல் பெயரோடு, மாற்றாமல் விற்பது

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி இதுதான். பெயருக்கு ஏற்கெனவே சந்தை இருக்கிறது. விளம்பரச் செலவு மிச்சம். ஆனால் எந்தப் பெயர் என்பதைப் பொறுத்து இது மிக எளிய வழியாகவும் இருக்கும், மிக ஆபத்தான வழியாகவும் இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன் இதில் தாராளம். அதன் வணிகக்குறிக் கொள்கை வணிகப் பயன்பாட்டையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. டெபியன் வட்டுகளை விற்றுப் பிழைத்த கடைகள் உலகெங்கும் இருந்திருக்கின்றன. இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவை மாற்றாமல் பகிரலாம். மாற்றிய பதிப்போடு உபுண்டு என்ற பெயரைச் சேர்க்க வேண்டுமானால் கனோனிக்கல் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் பெயரையும் சின்னங்களையும் நீக்கி, மூலநிரலிலிருந்து மறுபடி தொகுக்க வேண்டும் என்கிறது அதன் கொள்கை. பயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லா இன்னும் கறார். பயர்பாக்ஸை மாற்றாமல் இலவசமாகக் கொடுக்கலாம். காசு வாங்கவோ மாற்றவோ வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். டெபியனுக்கும் மொசில்லாவுக்கும் 2006இல் வந்த பிணக்கில், டெபியன் அந்த உலாவியை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றிப் பத்தாண்டு விநியோகித்தது. 2016இல்தான் பயர்பாக்ஸ் என்ற பெயர் அங்கே திரும்பியது. டெபியனுக்கே அந்தக் கதி என்றால் நம் கடைக்கு விலக்கு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே ‘மாற்றாமல்’ என்ற நிபந்தனைதான் காலை வாரும். முன்கூட்டியே அமைத்துத் தருவதுதானே நம் வியாபாரம்? அமைப்புக் கோப்பில் ஐபி முகவரியையும் கடவுச்சொல்லையும் நிரப்புவதை எந்தத் திட்டமும் மாற்றமாக எண்ணாது. ஆனால் உள்நுழையும் பக்கத்தில் உங்கள் சின்னத்தை வைப்பது, சில செருகுநிரல்களைச் சேர்த்தே வட்டுப் பிரதி (நிறுவிய வட்டின் முழு நகல்) எடுப்பது, இயல்பமைவுகளைத் திருத்துவது ஆகியவற்றைப் பல கொள்கைகள் மாற்றம் என்றே கொள்கின்றன. மொசில்லாவின் கணக்கில் ஒரு நீட்டிப்பைச் சேர்த்தாலே அது மாற்றிய பதிப்பு.

உரிமக் கடமை பக்கம் வருவோம். லினக்ஸ் கருநிரல் ஜிபிஎல் 2இல் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவுப்படி, இயங்கும் நிரலை விற்பவர் மூலநிரலையும் கூடவே தர வேண்டும். அல்லது குறைந்தது மூன்று ஆண்டு செல்லும் எழுத்துப்பூர்வ வாக்குறுதி தர வேண்டும். ‘மூலநிரல் வேண்டுமென்றால் டெபியன் தளத்துக்குப் போய்க்கொள்ளுங்கள்’ என்று கைகாட்டுவது போதாது. பிறர் தந்த வாக்குறுதியை அப்படியே கடத்திவிடும் சலுகை வணிக நோக்கில்லாத விநியோகத்துக்கு மட்டுமே. பெட்டியோடு இப்படி ஒரு தாள் வைத்தால் போதும்:

> இந்தக் கருவியில் ஜிபிஎல் உரிமத்தில் வெளியான நிரல்கள் உள்ளன. அவற்றின் முழு மூலநிரல் வேண்டுவோர் யாராயினும், கருவியின் மாடல் எண்ணைக் குறிப்பிட்டுக் கீழ்க்காணும் முகவரிக்கு எழுதலாம். பிரதியெடுக்கும் செலவும் தபால் செலவும் மட்டும் பெற்றுக்கொண்டு அனுப்புவோம். இந்த மாடலைக் கடைசியாக விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுகளும், அதன்பின் இதற்கு ஆதரவு தரும் காலம் முழுவதும் இந்த வாக்குறுதி செல்லும்.

‘ஆதரவு தரும் காலம் முழுவதும்’ என்பது ஜிபிஎல் 3க்காகச் சேர்த்தது. தாளை அச்சடிப்பது எளிது. வாக்கைக் காப்பாற்றுவதில்தான் வேலை இருக்கிறது. நீங்கள் ஏற்றிய அதே பதிப்பின் மூலநிரலை ஒவ்வொரு வட்டுப் பிரதிக்கும் அன்றைக்கே இறக்கிச் சேமித்து வைக்க வேண்டும். டெபியனின் பழைய தொகுப்புகளைத் தேதிவாரியாகச் சேமித்து வைத்திருக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. அது வசதிதான், ஆனால் அந்தத் தளம் என்றாவது முடங்கினால் வாடிக்கையாளர் உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தில் எழுந்தவை. முன்னதன் சமூகப் பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்திலும் பின்னது இரண்டு விதி பிஎஸ்டி உரிமத்திலும் வருகின்றன. மூலநிரல் தரும் கடமை இந்த உரிமங்களில் இல்லை. பதிப்புரிமை அறிவிப்புகளையும் உரிம வாசகத்தையும் ஆவணத்தில் வைத்தால் போதும். ஆக, டெபியன் பெயரைத் தாராளமாகத் தந்துவிட்டு நிரலுக்குக் கணக்குக் கேட்கிறது. பிஎஃப்சென்ஸ் நிரலைத் தாராளமாகத் தந்துவிட்டுப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. உரிமத்தை மட்டும் படித்துவிட்டு ‘அப்பாச்சிதானே, தளர்வான உரிமம்’ என்று இறங்குகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

பிஎஃப்சென்ஸ் பெயரை வைத்திருக்கும் நெட்கேட் நிறுவனம் அதே பெயரில் தானும் பெட்டிகள் விற்கிறது. நீங்கள் அதன் போட்டியாளர். பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து 2015 ஜனவரியில் வெளியானது நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் ஆதரிக்கும் ஓபிஎன்சென்ஸ். அதன் பெயரில் ஒரு டாட்காம் முகவரியை நெட்கேட் தரப்பு வாங்கி, அதை ஏளனம் செய்யும் தளமாக நடத்தியது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குழு 2017 நவம்பரில் அந்த முகவரியை டெசிசோவிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. பெயர் விஷயத்தில் அவ்வளவு சூடு கண்ட களம் இது. அங்கே ‘பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்’ என்று அட்டையில் அச்சடித்து ஆன்லைன் கடையில் பட்டியலிடுவது வீண் வம்பு.

பொய்யான வணிகக்குறியோடு பொருள் விற்பவருக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கும் பிரிவுகள் இந்திய வணிகக்குறிச் சட்டத்தில் (1999) உண்டு. அதைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. நடைமுறையில் முதல் அடி விழுவது வேறிடத்தில்: உரிமையாளரின் ஒரு புகாரில் ஆன்லைன் கடை உங்கள் பட்டியலை நீக்கிவிடும். சேர்த்து வைத்த மதிப்புரைகளும் அதோடு போய்விடும்.

எப்போது சரி: டெபியன் போன்ற தாராளப் பெயர், மாற்றம் அமைப்புக் கோப்போடு நிற்கிறது, மூலநிரலைச் சேமிக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறது.

## வழி 2: பெயரின் உரிமையாளரோடு ஒப்பந்தம்

மூடுல் விற்க நினைப்பவருக்கு இது விருப்பத் தேர்வு மாதிரி தோன்றும். உண்மையில் கட்டாயம் என்றே சொல்லலாம். நிரல் ஜிபிஎல் 3இல் இருக்கிறது, யாரும் எடுத்து நிறுவலாம். ஆனால் ‘மூடுல் ஹோஸ்டிங்’, ‘மூடுல் நிறுவல்’, ‘மூடுல் பயிற்சி’ என்று விளம்பரம் செய்யும் உரிமையை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் மூடுல் நிறுவனம் தன் அங்கீகாரம் பெற்ற பங்காளர்களுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. பங்காளர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை அதற்குத் தருகிறார்கள். மூல நிரலின் வளர்ச்சிக்குப் பணம் வரும் வழிகளில் அது ஒன்று. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஊருக்கு ஐந்து பள்ளி வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்பது வேறு கணக்கு.

ஈஆர்பிநெக்ஸ்ட் இவ்வளவு கறார் அல்ல. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் வளர்க்கும் இது ஜிபிஎல் 3இல் வருகிறது. உங்கள் சேவையை விளக்க அந்தப் பெயரைச் சொல்லலாம். நிறுவனப் பெயரிலோ, பொருளின் பெயரிலோ, இணைய முகவரியிலோ சேர்க்கக் கூடாது. அவர்களின் ஆதரவு பெற்றவர் போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. ‘நாங்கள் ஈஆர்பிநெக்ஸ்ட்டை அமைத்துத் தருகிறோம்’ என்று சொல்ல ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால் பெரிய வாடிக்கையாளர் ‘நீங்கள் அதிகாரபூர்வப் பங்காளரா?’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். இதே வகை வணிக மென்பொருளான ஓடூவில் கதை இன்னும் வேறு. சமூகப் பதிப்பு எல்ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. நிறுவனப் பதிப்போ தனியுரிம மென்பொருள். வாடிக்கையாளருக்குப் பிடித்த வசதி பின்னதில் மட்டும் இருந்தால் நீங்கள் விற்பது கட்டற்ற மென்பொருளே அல்ல, சந்தா.

இந்த வழியின் பெரிய பலன் அரசு ஒப்பந்தப் புள்ளிகளில் தெரியும். அரசுக் கொள்முதல் தளமான ஜெம்மிலும் பிற டெண்டர்களிலும் தயாரிப்பாளரின் அங்கீகாரக் கடிதம் கேட்பது வழக்கம். அது இல்லாமல் விலை எவ்வளவு குறைத்தாலும் முதல் சுற்றிலேயே வெளியே.

மறைந்த செலவு, மூல நிறுவனத்தின் மனமாற்றம். 2023 அக்டோபரில் நெட்கேட், பிஎஃப்சென்ஸ் பிளஸ் என்ற தன் வணிகப் பதிப்பை வீட்டுப் பயன்பாட்டுக்கும் பரிசோதனைக்கும் இலவசமாகத் தந்துவந்த திட்டத்தை நிறுத்தியது. அந்த இலவச உரிமத்தைச் சிலர் தங்கள் கருவிகளில் ஏற்றி விற்றது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. அமெரிக்க லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் 2020 டிசம்பரில் சென்டோஎஸ் 8 என்ற இலவச இயங்குதளத்தின் ஆயுளை 2021 இறுதியோடு முடிப்பதாக அறிவித்ததும் இதே வகை. அதை நம்பிப் பெட்டி விற்றவர்கள் ஓராண்டுக்குள் ஆல்மா லினக்ஸுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ மாற வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, ஒப்பந்தம் முடிந்தபின் ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் அந்தப் பெயர் தொடரலாமா என்ற வரியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எப்போது சரி: வாடிக்கையாளர் பெயரைக் கேட்டே வருகிறார், டெண்டரில் போட்டியிட வேண்டும், ஆண்டுக் கட்டணத்தைத் தாங்கும் அளவுக்கு விற்பனை நிலையாக இருக்கிறது.

## வழி 3: பெயரை நீக்கிச் சொந்தப் பெயர் வைப்பது

2000களின் தொடக்கத்தில் ரெட் ஹேட் தன் பெயரைக் காக்கத் தொடங்கியபோது, அதன் லினக்ஸ் வட்டுகளை மலிவாக விற்றுவந்த சீப்பைட்ஸ் என்ற அமெரிக்கக் கடை அதே வட்டை ‘பிங்க் டை லினக்ஸ்’ என்று விற்றது. சிவப்புத் தொப்பி போய் இளஞ்சிவப்பு டை வந்தது; வாங்குகிறவர்களுக்குப் புரிந்துவிட்டது. ரெட் ஹேட்டின் மூலநிரலைப் பெயர் நீக்கித் தொகுத்து வெளியிட்ட சென்டோஎஸ், 2005இல் அதன் வழக்கறிஞர் கடிதம் வந்தபிறகு தன் தளத்தில் ரெட் ஹேட் என்று எழுதுவதை நிறுத்தி, ‘வட அமெரிக்காவின் முக்கியமான ஒரு லினக்ஸ் நிறுவனம்’ என்று சுற்றி வளைத்துக் குறிப்பிட்டது. கேலிதான். ஆனால் நிரல் உரிமம் இவர்களைக் கடைசிவரை காப்பாற்றியது. பெயரைத் தொடாதவரை யாரும் தடுக்க முடியவில்லை.

இன்றைக்கு இதை ஒழுங்காகச் செய்பவர்கள் ரவுட்டர் உலகில் இருக்கிறார்கள். ஜிஎல் ஐநெட் நிறுவனம் ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியின் மேல் தன் இடைமுகத்தைக் கட்டித் தன் பெயரில் விற்கிறது. செக் நாட்டின் டூரிஸ் ரவுட்டர்களும் அப்படியே. ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்த கதையும் நமக்குப் பாடம்: லின்க்ஸிஸ் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் ஜிபிஎல் நிரலை வைத்து விற்றது தெரியவந்து, எழுந்த நெருக்கடியில் 2003இல் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்துதான் அந்தத் திட்டம் முளைத்தது.

சிறு நிறுவனங்கள் இந்த வழியை மலிவு என்று நினைக்கின்றன. நான்கிலும் செலவு மிகுந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

சின்னத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஆனால் பெயர் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுவது ஒரு நாளில் முடியாது: துவக்கத் திரை, உலாவித் தாவலின் குறும்படம், மின்னஞ்சல் அறிவிப்பின் அடிவரி, உதவிப் பக்கச் சுட்டி, தானாக உருவாகும் சான்றிதழில் நிறுவனப் பெயர், பிழைச் செய்தி. எல்லாம் முடிந்தது என்று பெட்டியை அனுப்பினீர்கள் என்று வையுங்கள். மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் மேம்படுத்து என்ற பொத்தானை அழுத்துகிறார். பெட்டி மூலத் திட்டத்தின் சர்வரிலிருந்து புதிய தொகுப்பை இறக்குகிறது. மறுதுவக்கத்தில் பழைய பெயரும் சின்னமும் அப்படியே திரும்பி வருகின்றன. இதைத் தடுக்க உங்கள் சொந்த மேம்படுத்தல் சர்வர் வேண்டும். அது இருந்தால், மூலத் திட்டம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் ஒவ்வொரு முறையும் நீங்களும் தொகுத்து, சோதித்து, கையொப்பமிட்டு வெளியிட வேண்டும். ஓட்டை உலகுக்குத் தெரிந்த நாளுக்கும் உங்கள் திருத்தம் வெளியாகும் நாளுக்கும் இடையில் உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் திறந்த கதவோடு இருப்பார்கள். ஃபயர்வால் விற்பவர் இதை விடுமுறை நாளிலும் பார்த்தாக வேண்டும். இதற்கென்றே ஒருவருக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியாதவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

அடுத்தது, நீக்க வேண்டியதையும் நீக்கக் கூடாததையும் குழப்பிக்கொள்வது. வணிகப் பெயரை நீக்கலாம். பல நேரங்களில் நீக்கியே ஆக வேண்டும். நிரல் கோப்பின் தலையில் இருக்கும் பதிப்புரிமை வரிகளையோ உரிம வாசகத்தையோ தொடக் கூடாது. ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று காட்டும் ஆவலில் இரண்டையும் சேர்த்துத் துடைப்பவர்கள் பெயர்ச் சிக்கலிலிருந்து தப்பிப் பதிப்புரிமை மீறலில் விழுகிறார்கள். ஜிபிஎல் 2இல் மீறினால் உரிமம் தானாகவே முடிந்துவிடும். ஜிபிஎல் 3 கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல் முறை மீறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் மீளும். ஜிபிஎல் 3 நிரல் உள்ள வீட்டுப் பயன்பாட்டுக் கருவியில், திருத்திய நிரலை வாங்கியவர் ஏற்ற முடியாதபடி பூட்டுவதும் ஆகாது.

இனி உங்கள் பெயர். இந்தியாவில் பதிவுக் கட்டணம், தனிநபருக்கும் உத்யம் சான்று (சிறு தொழில் பதிவு) பெற்ற சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. கருவிக்கும் மென்பொருளுக்கும் 9ஆம் வகுப்பு, மென்பொருள் சேவைக்கு 42ஆம் வகுப்பு, இரண்டும் வேண்டியிருக்கும். பதிவு 10 ஆண்டு செல்லும். தென்மாநிலத்தவர்க்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் பொதுத் தேடலில் பெயரைப் பாருங்கள். மூலத்தின் பெயரை ஒலிக்கும்படி வைக்காதீர்கள். ‘சென்ஸ்’ என்று முடியும் ஃபயர்வால் பெயர் கேட்க நன்றாயிருக்கும், தொல்லையும் தேடி வரும். உங்கள் பொருளின் பெயரில் லினக்ஸ் என்ற சொல் வருமானால் அதற்கும் துணை உரிமம் வேண்டும். லினக்ஸ் அறக்கட்டளை அதைக் கட்டணமின்றித் தருகிறது.

எப்போது சரி: நீங்களே எழுதிய கணிசமான நிரல் அதன்மேல் இருக்கிறது, தொகுத்து வெளியிடும் ஆள்பலம் இருக்கிறது, வாங்குபவருக்கு அடியில் ஓடுவது எது என்ற கவலை இல்லை.

## வழி 4: கருவி தனி, நிறுவும் வேலை தனி

கருவியை இயங்குதளம் இல்லாமல் விற்கிறீர்கள். வாடிக்கையாளரின் இடத்துக்குப் போய், அவர் கணினியில், திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுகிறீர்கள். விலைச்சீட்டில் இரண்டு வரி: ஒன்று பொருளுக்கு, ஒன்று உழைப்புக்கு. நிரலின் பிரதியை வாடிக்கையாளர் மூலத்திலிருந்து நேரே பெறுகிறார். நீங்கள் அவருக்காக வேலை செய்கிறீர்கள். விநியோகிப்பவர் என்ற பொறுப்பு உங்கள் தலையிலிருந்து பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. கடையிலேயே ஐம்பது பெட்டிக்கு ஒரே வட்டுப் பிரதியை ஏற்றி அனுப்பிவிட்டு, விலைச்சீட்டை மட்டும் இரண்டாகப் பிரிப்பது இதுவாகாது. அது முதல் வழிதான், சீட்டு மட்டும் வேறு.

பெயரைச் சொல்வதற்கும் இங்கே இடம் அகலமாக இருக்கிறது. வணிகக்குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நேர்மையான வணிக வழக்கத்துக்கு உட்பட்டு ஒரு பெயரைக் குறிப்பிடுவதை அனுமதிக்கிறது. ஒரு பொருள் மற்றொன்றோடு பொருந்தும் என்று சொல்லத் தேவைப்படும் அளவுக்குப் பெயரைச் சொல்வதும் அதில் அடங்கும். இலங்கை வாசகர்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். விளம்பர வாசகத்தில் வேறுபாடு இப்படித் தெரியும்.

தவிர்க்க வேண்டியது: ‘பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால், 4 போர்ட், 2 ஆண்டு உத்தரவாதம்.’

எழுதத்தக்கது: ‘4 போர்ட் சிறு கணினி. இயங்குதளம் இல்லை. பிஎஃப்சென்ஸ் சமூகப் பதிப்பும் ஓபிஎன்சென்ஸும் இதில் இயங்குவதைச் சோதித்திருக்கிறோம். அந்தத் திட்டங்களோடு எங்களுக்கு வணிகத் தொடர்பு இல்லை. பெயர்கள் அவற்றின் உரிமையாளர்களுக்கு உரியவை.’

சின்னத்தைப் போடாதீர்கள், எழுத்தில் பெயர் போதும். மூடுல் மட்டும் இங்கேயும் விதிவிலக்கு: நிறுவிக் கொடுக்கிறோம் என்ற விளம்பரத்தையே அதன் கொள்கை தடுக்கிறது. 30ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் முதல் ஆளாகச் சிறு நிறுவனம் இருக்க வேண்டியதில்லை. ‘பள்ளிகளுக்கான இணையவழிக் கற்றல் தளம் அமைத்துத் தருகிறோம்’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, எந்த நிரல் என்பதை நேரில் பேசும்போது சொல்லுங்கள்.

குறை, உங்கள் நேரம். வட்டுப் பிரதி ஏற்றினால் பத்து நிமிடத்தில் முடிவது, நேரில் போனால் அரை நாள். அமைப்புக் கோப்பை முன்பே எழுதி வைத்து அங்கே ஏற்றினால் அது பாதியாகக் குறையும். அந்தக் கோப்பு உங்கள் சொந்த உழைப்பு, யார் அனுமதியும் வேண்டாம். தற்செயலாக ஒரு நன்மையும் உண்டு. பிரதியெடுத்த பெட்டிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் மறைச்சாவி), ஒரே நிர்வாகக் கடவுச்சொல் என்ற வெட்கக்கேடு இங்கே நேராது.

எப்போது சரி: மாதம் சில பெட்டிகள், வாடிக்கையாளர் எட்டும் தூரத்தில், ஆண்டுப் பராமரிப்பில்தான் உங்கள் வருமானம்.

## ஒரே பார்வையில்

| | அசல் பெயர் | ஒப்பந்தம் | சொந்தப் பெயர் | சேவை மட்டும் |
|---|---|---|---|---|
| பெயர்ச் சிக்கல் | திட்டத்தைப் பொறுத்தது. பிஎஃப்சென்ஸ், பயர்பாக்ஸில் அதிகம் | இல்லை | இல்லை, முழுதாக நீக்கினால் | குறைவு. மூடுலில் உண்டு |
| மூலநிரல் கடமை (ஜிபிஎல் நிரலில்) | உண்டு | பொதுவாக உண்டு | உண்டு, உங்கள் மாற்றங்களோடு | பெரும்பாலும் இல்லை |
| மறைந்த செலவு | மூலநிரல் காப்பகம், பட்டியல் நீக்கம் | கட்டணம், விதி மாற்றம் | மேம்படுத்தல் சர்வர், பாதுகாப்புத் திருத்தம், பதிவு | பயணம், நேரம் |
| சந்தை ஈர்ப்பு | அதிகம் | மிக அதிகம் | தொடக்கத்தில் இல்லை | உங்கள் நற்பெயர் அளவுக்கு |
| பின்வாங்குவது | நடுத்தரம் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | கடினம் | எளிது |

## பெட்டிக்குள் ஒளிந்திருப்பவை

எந்த வழியில் போனாலும், ‘எல்லாம் கட்டற்றது’ என்று நினைத்த பெட்டிக்குள் அப்படி அல்லாத சில இருக்கும். ஃபயர்வாலில் இதற்கு இரண்டு இடங்கள் பெயர் போனவை. ஊடுருவலைக் கண்டறியும் ஸ்நார்ட் நிரல் ஜிபிஎல். ஆனால் அதற்கான டாலோஸ் சந்தா விதித்தொகுப்பைப் பிறருக்கு ஏற்றி விற்க அனுமதி இல்லை. நாடு வாரியாகத் தடுக்க உதவும் மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் ஜியோலைட்2 தரவுத்தளத்துக்கு 2019 டிசம்பர் இறுதியிலிருந்து கணக்குத் தொடங்கிச் சாவி பெற வேண்டும். உங்கள் சாவியைப் பெட்டிகளில் வைத்து அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் தன் பெயரில் பெறட்டும்.

மூலநிரல் கண்ணுக்குத் தெரிவதாலேயே கட்டற்றது என்று எண்ணப்படும் மென்பொருள்களும் இருக்கின்றன. என்8என் தானியக்கக் கருவியின் உரிமம், சொந்த நிறுவனத்தின் உள்வேலைக்குப் பயன்படுத்த அனுமதிக்கும். உங்கள் பெயரில் விற்கவோ, ஏற்றி வைத்து அணுகலுக்குக் காசு வாங்கவோ விடாது. சர்வர் கட்டமைப்புக் கருவியான டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் கட்டற்ற உரிமத்தைக் கைவிட்டது. தரவுத்தள நிரலான ரெடிஸ் 2024 மார்ச்சில் கைவிட்டு, 2025 மே மாதம் ஏஜிபிஎல்லை (இணையம் வழிப் பயன்பாட்டுக்கும் நீளும் ஜிபிஎல் வகை) சேர்த்துக்கொண்டு திரும்பியது. போன ஆண்டு சரியாக இருந்த தொகுப்பு இந்த ஆண்டும் சரி என்று கொள்ள முடியாது. கோப்புப் பகிர்வுத் தளமான நெக்ஸ்ட்கிளவுட் போன்ற ஏஜிபிஎல் நிரலை நீங்கள் திருத்தி உங்கள் சர்வரிலேயே வைத்து நடத்தினாலும், இணையம் வழியே பயன்படுத்துவோருக்கு மூலநிரலைப் பெறும் வழி காட்டியாக வேண்டும். ‘நான் விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விடுகிறேன்’ என்ற வாதம் ஜிபிஎல்லில் எடுபடும், இங்கே எடுபடாது.

## என் பரிந்துரை

ஃபயர்வால் பெட்டியில் தொடங்குபவர் நான்காம் வழியில் தொடங்குங்கள், ஓபிஎன்சென்ஸில். மாதம் இருபது, முப்பது பெட்டி என்று வளர்ந்து நேரில் போக முடியாமல் ஆனால், டெசிசோவிடம் பங்காளர் ஏற்பாடு பற்றி எழுதிக் கேளுங்கள். அதற்குமுன் வட்டுப் பிரதி எடுக்கத் தொடங்காதீர்கள்.

பள்ளிச் சர்வரில், வாங்குபவர் ‘மூடுல்’ என்று பெயர் சொல்லிக் கேட்கும் டெண்டரானால் இரண்டாம் வழி. நீங்களே பங்காளர் ஆக முடியாவிட்டால் ஏற்கெனவே பங்காளராக இருப்பவரின் கீழ் துணை ஒப்பந்தம் எடுக்கப் பாருங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் நான்காம் வழி தாராளமாகப் போதும். இணைய முகவரியில் மட்டும் அந்தப் பெயர் வேண்டாம். கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை நீங்களே எழுதி டெபியன் மேல் ஏற்றி விற்பவராக இருந்தால் பெட்டிக்கும் மென்பொருளுக்கும் உங்கள் பெயர், அடித்தளம் மாற்றாத டெபியன், கூடவே மூலநிரல் தாள். இது முதல் வழியும் மூன்றாம் வழியும் கலந்தது. மேம்படுத்தல்கள் டெபியன் சர்வரிலிருந்தே வரலாம் என்பதால் மூன்றாம் வழியின் பெரும் சுமை இதில் இல்லை.

எதைத் தேர்ந்தாலும், அந்தத் திட்டத்தின் வணிகக்குறிக் கொள்கைப் பக்கத்தை இன்றைய தேதியோடு பிடிஎஃபாகச் சேமித்து வையுங்கள். கொள்கையில் விடை இல்லாத கேள்விக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: என்ன விற்கிறீர்கள், எதை மாற்றியிருக்கிறீர்கள், அட்டையில் என்ன வாசகம் வரும் என்று மூன்று பத்தி போதும். அனுமதி வந்தால் அந்தக் கடிதத்தை விற்பனைக் கோப்பிலேயே வையுங்கள். பதில் வராவிட்டால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல் அட்டையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.